அடுத்த வீட்டுக் கல்யாணம்

ஹிந்து முஸ்லிம் ஒற்றுமையைப் பற்றி நமது நாட்டில் இதுவரை செய்யப்பட்டிருக்கும் பிரசங்கங்களையெல்லாம் சேர்த்து அச்சிட்டால், அவற்றை வைப்பதற்கென்றே தனியாக ஒரு புத்தகசாலை கட்ட வேண்டியிருக்கும். அந்தப் பிரசங்கங்களை நான் குறை சொல்லவில்லை. அவற்றில் பலவற்றை முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக் கை தட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் கூட்டம் முடிந்ததும் என்ன நடக்கிறது? பிரசங்கியார் ஒரு பக்கமும் ஜனங்கள் இன்னொரு பக்கமுமாகக் கலைந்து, அவரவர் வீட்டில் அவரவர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். ஒற்றுமை மேடையிலேயே தங்கிவிடுகிறது. அதை வீடு வரைக்கும் அழைத்து வர வண்டிச் சத்தம் கொடுப்பாரில்லை!

ஒரு சமூகத்தாரை அறிந்துகொள்ள அவர்களுடைய சரித்திரத்தைப் படிக்கலாம், வேதத்தைப் படிக்கலாம். எல்லாவற்றிலும் சுலபமான வழி, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதுதான். கல்யாண வீட்டில் மனிதர்களால் எதையும் மறைக்க முடியாது. அவர்களுடைய பக்தி, பெருமை, பாசம், கடன், சமையல் எல்லாம் பந்தலுக்கு வெளியே வந்து நின்றுவிடும்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பதினைந்து வருஷமாக ஒரு முஸ்லிம் குடும்பத்தார் வசித்து வருகிறார்கள். சொந்த ஊர் காயல்பட்டினம். ரம்ஜான் மாதம் வந்தால், கறி சேர்க்காமல் எங்களுக்கென்று தனியாகக் காய்ச்சிய நோன்புக் கஞ்சி மதில் சுவருக்கு மேலே கை மாறி எங்கள் வீட்டுக்கு வரும். தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கும் அதிரசமும் அதே வழியாகப் போகும். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கல்யாணம் சொந்த ஊரில். அழைப்பிதழ் கொண்டு வந்த பாய் ஒரு நிபந்தனையும் கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. குடும்பத்தோடு வந்து, இருந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்படவேண்டும்" என்றார்.

நாங்கள் சைவம். 'சாப்பிட்டுவிட்டு' என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் அத்தைப் பாட்டியின் முகம் சற்று மாறியதைப் பாய் பார்த்துவிட்டார். "சாப்பாட்டுக் கவலையை என்னிடம் விட்டுவிடுங்கள், ஆச்சி" என்று சொல்லிப் போனார். அன்று இரவு எங்கள் வீட்டில் ஒரு சிறிய மகாநாடு நடந்தது. "போய் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, ஒரு பழத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாமே" என்பது பாட்டியின் தீர்மானம். என் மனைவி அதற்கு ஒரு திருத்தம் கொண்டு வந்தாள்: "பதினைந்து வருஷமாகச் சுவருக்கு மேலே வந்த கஞ்சியைக் குடித்தோம். அதே சுவரைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகப் போனால் மட்டும் ஆகாதா?" திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது.

அழைப்பிதழில் என்னைக் கவர்ந்தவை இரண்டு விஷயங்கள். ஒன்று, தேதிக்குப் பக்கத்தில் 'இன்ஷா அல்லாஹ்' என்று போட்டிருந்தது. இறைவன் நாடினால் நடக்கும் என்று பொருள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, சமையற்காரரை அமர்த்தி, ஆயிரம் பேருக்கு அழைப்பு அனுப்பிய பிறகும், 'நாடினால்' என்று ஒரு வார்த்தை. நம்முடைய பெரியவர்களும் 'தெய்வ சங்கல்பம்' என்று எழுதியவர்கள்தானே! இரண்டாவது, முகூர்த்த நேரம். ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணி, அஸர் தொழுகைக்குப் பிறகு என்று கண்டிருந்தது. நேயர்கள் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஞாயிறு மாலை 4½ முதல் 6 வரை அசல் ராகு காலம்! பாட்டி, "அவர்களை ராகு ஒன்றும் செய்யமாட்டான் போலிருக்கிறது" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டாள்.

திருநெல்வேலியிலிருந்து செந்தூர் ரயிலில் புறப்பட்டோம். வண்டியில் பாதிப்பேர் முருகனைத் தரிசிக்கப் போகிறவர்கள். மீதிப் பேரில் பலர் எங்களைப் போலக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள். திருச்செந்தூருக்கு முந்திய ஸ்டேஷன் காயல்பட்டினம். அரபு நாட்டிலிருந்து குதிரைகளும் சரக்குகளும் வந்து இறங்கிய துறைமுகம் என்று மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த 'காயல்' இந்தக் கடற்கரைப் பிரதேசத்தைச் சேர்ந்ததுதான். இன்றைக்கும் இவ்வூர் மக்கள் கடல் தாண்டி வியாபாரம் செய்கிறவர்கள். ஆனால் எங்கே போனாலும் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் என் மனைவியை என்னிடமிருந்து பிரித்துவிட்டார்கள். வீடுகளுக்கு இடையே பெண்கள் போய் வருவதற்கென்று 'முடுக்கு' என்னும் சிறு சந்துகள் அங்கே இருக்கின்றன. ஒரு சிறுமி வந்து, "மாமி, இப்படி வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பெண்கள் பக்கத்துச் சமாசாரங்களை அதற்குப் பிறகு என் மனைவி சொல்லித்தான் நான் அறிந்தேன்.

நிக்காஹ் நடந்தது பள்ளிவாசலில். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றேன். ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, தம் தோளில் கிடந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து என் தலையில் கட்டிவிட்டு, "வாங்க தம்பி, முன்னாலே வந்து உட்காருங்க" என்றார். பெண்ணின் பாட்டனார் அவர்தான். அவ்வூரில் தகப்பனாருக்கு 'வாப்பா' என்று பெயர். 'அப்பா' என்றால் பாட்டனார். ஆகவே எல்லோருக்கும் அவர் அப்பா, அன்றைக்கு எனக்கும்.

மேளம் இல்லை, புகை இல்லை. வெண்மையான விரிப்பின்மேல் மாப்பிள்ளையும் பெண்ணின் தகப்பனாரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் கழுத்தில் ஒரு மாலை. பக்கத்தில் ஓர் ஆலிம். அவருக்கு முன்னால் ஜமாஅத்தின் கல்யாணப் பதிவேடு. ஆலிம் முதலில் அரபு மொழியில் 'குத்பா' ஓதினார். பிறகு தமிழில் ஒரு சிறு பிரசங்கம் செய்தார். நபிகள் நாயகத்தின் குமாரத்தி பாத்திமா நாயகியின் விவாகத்தை எடுத்துச் சொன்னார். மாப்பிள்ளையான அலியாரிடம் செல்வம் ஒன்றும் இல்லை. தமது போர்க் கவசத்தை விற்று அந்தப் பணத்தை மணப் பெண்ணுக்குக் கொடுத்தார் என்பது வரலாறு. அந்த ஆலிமின் தமிழ் எப்படியிருந்தது என்கிறீர்கள்? நமது பட்டிமண்டபப் புலவர்களில் பலர் ஒரு தரம் காயல்பட்டினத்துக்குப் போய் வந்தால் தேவலை என்று தோன்றியது.

இதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. இந்தப் பாத்திமா திருமணத்தை உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் ஒரு படலமாகவே பாடியிருக்கிறார். அரபு நாட்டுக் கதை, தமிழ்நாட்டு உடை உடுத்திக்கொண்டு நடக்கிறது அங்கே. 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் தமிழின் தொன்மையை எடுத்துக் காட்டி அதற்காக வாதாடிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில், நமது திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். கம்பன் காவியத்தில் தோய்ந்து அதைப் பற்றி நூல்கள் எழுதிய நீதிபதி மு. மு. இஸ்மாயிலைச் சென்னை வாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் யார் வீட்டுச் சொத்து என்று விவாதிக்கிறவர்கள் இந்தப் பெயர்களையும் பத்திரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரசங்கம் முடிந்தது. பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் வலது கையைத் தம் கையில் பற்றிக்கொண்டார். இன்னாருடைய குமாரத்தியாகிய என் மகளை, ஐந்து சவரன் தங்கம் மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று தெளிவாகத் தமிழில் சொன்னார். கடையில் ஆயிரம் பேரிடம் கணீரென்று பேசுகிற பாயின் குரல் 'என் மகளை' என்ற இடத்தில் சற்றுத் தழுதழுத்தது. ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளை சொன்னான். இரண்டு சாட்சிகள் கேட்டார்கள்; கையெழுத்திட்டார்கள். பிரார்த்தனை நடந்தது, 'ஆமீன்' என்ற ஒலி எழுந்தது. பேரீச்சம்பழம் வழங்கினார்கள். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்துவிட்டது! ஆரம்பம் முதல் கடைசி வரை அரை மணி நேரத்துக்கு மேல் இராது.

நமது விவாகம் ஒரு சம்ஸ்காரம். அவர்களுடையது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றவுடன் நம்மவர்களில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். நெல் வியாபாரமா, புளி வியாபாரமா, ஒப்பந்தம் செய்துகொள்ள என்று கேட்பார்கள். நானும் அந்த வார்த்தையை வெகு காலமாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒப்பந்தம் என்பதற்கு என்ன பொருள் என்பது, அன்றிரவு என் மனைவி சொன்ன ஒரு சமாசாரத்தைக் கேட்ட பிறகே எனக்கு விளங்கியது.

நிக்காஹுக்குச் சற்று முன்பாகப் பெண்ணின் வாப்பாவும் நெருங்கிய உறவினர் இருவரும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்களாம். இன்ன மாப்பிள்ளைக்கு, இன்ன மஹருக்கு, உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்களாம். சுற்றிலும் மருதாணிக் கையும் மல்லிகைப் பூவுமாக ஐம்பது பெண்கள். பெண் உடனே தலையாட்டிவிடவில்லை. பட்டம் பெற்ற பெண் அவள். பதிவேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாளாம். பிறகு தலை நிமிர்ந்து, "வாப்பா, மஹரை இலக்கத்தில் மட்டும் எழுதியிருக்கிறதே. எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள்" என்றாளாம். கிழவிகள் சிலர் வாயில் விரலை வைத்தார்கள். வாப்பாவோ சிரித்துக்கொண்டே, 'ஐந்து சவரன்' என்று எழுத்தால் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டாளாம்.

ஒப்பந்தம் என்றால் இதுதான். இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். அதைச் சாட்சிகள் கேட்க வேண்டும். காகிதத்தில் எழுத வேண்டும். நமது கல்யாணங்களில் ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை, "அம்மா, உனக்குச் சம்மதமா?" என்று அத்தனை பேருக்கு நடுவில் கேட்கிறவர் யார்? சம்மதித்திருப்பாள் என்று எல்லோரும் வைத்துக்கொள்கிறோம். மந்திரத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை. மந்திரத்தோடுகூட இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் அக்கினி பகவான் கோபித்துக்கொள்ளவா போகிறார்?

இனி மஹர் விஷயம். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. பெண்ணின் தகப்பனாருக்கு அல்ல. அது அவளுடைய சொந்தச் சொத்து. பெண்களுக்கு மஹரை மனமுவந்து கொடுத்துவிட வேண்டுமென்பது குர்ஆனின் 4-ஆம் அத்தியாயத்தில் உள்ள கட்டளை. 1961-ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்கக் கூடாதென்று தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. விருந்து விஷயத்திலும் அப்படியே. மார்க்கம் வற்புறுத்துகிற விருந்து 'வலீமா' ஒன்றுதான். அதன் செலவு மாப்பிள்ளையைச் சேர்ந்தது. ஆகவே ஏட்டுப்படி பார்த்தால், பெண்ணைப் பெற்றவருக்கு ஒரு காசு செலவில்லை!

இதைச் சொல்லி நான் பாயைப் பாராட்டினேன். அவர் என் காதருகில் குனிந்து, "அண்ணாச்சி, ஏட்டில் எல்லாம் சரிதான். ஆனால் நாங்களும் உங்களுக்குப் பக்கத்திலேதானே குடியிருக்கிறோம்?" என்றார். அப்புறம் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். முஸ்லிம்களிடத்திலும் பல ஊர்களில் 'கைக்கூலி' என்ற பெயரில் மாப்பிள்ளைக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் நுழைந்திருக்கிறது. ஆலிம்கள் அதைக் கண்டித்துப் பேசுகிறார்கள். வாங்க மாட்டோம் என்று உறுதி சொல்லும் இளைஞர்களும் கிளம்பியிருக்கிறார்கள். தமக்கு வாய்த்த மாப்பிள்ளை கைக்கூலி வாங்கவில்லை என்பதில் பாய்க்குப் பெருமை. ஆனால் காயல்பட்டினத்தில் வேறொரு வழக்கம் இருக்கிறது. கல்யாணமானால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். பெண்ணுக்கென்று ஒரு வீடு இருக்க வேண்டும். தாயின் நிழலிலேயே பெண் வாழ்கிறாள், புது இடத்தில் கண்ணைக் கசக்க வேண்டியதில்லை, வீடும் அவளுடையது. இது எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் மூன்று பெண்களைப் பெற்றவன் மூன்று வீடு கட்ட வேண்டுமே? மனை விலையும் சிமெண்டு விலையும் இருக்கிற இருப்பில் அது லேசான காரியமா? பாய் கட்டி முடித்திருப்பது ஒரு வீடு. இன்னும் ஒரு பெண் பாக்கி. அந்தக் கணக்கை அவர் சொன்னபோது, கல்யாணக் கடன் என்ற ஒரு விஷயத்தில் ஹிந்துவும் முஸ்லிமும் எந்த மகாநாடும் இல்லாமலே ஒன்றுபட்டிருக்கிறோம் என்பது தெரிந்தது.

இரவு ஊர்வலம். 'தப்'பைத் தட்டிக்கொண்டு இளைஞர்கள் 'பைத்' பாடி வர, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் புறப்பட்டான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் நாதஸ்வரம் இல்லாத கல்யாணமா என்று என் காது ஒரு நிமிஷம் ஏங்கியது. உடனே ஷேக் சின்ன மௌலானாவின் நினைவு வந்தது. ஸ்ரீரங்கத்தில் குடியேறி வாழ்ந்த அந்த மகாவித்வானுக்குச் சென்னைச் சங்கீத வித்வத் சபை 1998-இல் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. நம் கல்யாண வாத்தியத்துக்கு அவ்வளவு பெருமை தேடிக் கொடுத்தவர் ஒரு முஸ்லிம். அதை நினைத்ததும் என் காதும் சமாதானம் அடைந்தது.

கடைசியில் விருந்து. முஸ்லிம்களுக்கு அங்கே தனித்தனி இலை கிடையாது. 'சஹன்' என்ற பெரிய தட்டில் நெய்ச்சோற்றையும் கறியையும் வைத்து, மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுகிறார்கள். கப்பல் வியாபாரியும் கடைச் சிப்பந்தியும் ஒரே சஹனில் உட்கார்ந்திருப்பதை என் கண்ணால் பார்த்தேன். முகம் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. சற்று நகர்ந்து இடம் விடுகிறார்கள்.

எங்களுக்குப் பக்கத்துக் கூடத்தில் வாழை இலை போட்டிருந்தது. ஆறுமுகநேரியிலிருந்து சைவ சமையற்காரரை வரவழைத்து, புதுப் பாத்திரத்தில், தனி அடுப்பில் சமையல். சாம்பார், அவியல், பால் பாயசம். பாய் வீட்டார் எடுத்துக்கொண்ட சிரத்தையைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதே சமயம் மனத்தில் ஏதோ ஒன்று உறுத்திற்று. ஒரே கல்யாணத்துக்கு வந்தவர்கள். அந்தக் கூடத்தில் அவர்கள், இந்தக் கூடத்தில் நாங்கள். நடுவில் மறுபடியும் ஒரு சுவர் அல்லவா?

எங்கள் இலைகளில் பரிமாறியாயிற்று. அப்போது, என் தலையில் கைக்குட்டை கட்டிவிட்ட அந்த அப்பா மெள்ள நடந்து வந்து, என் பக்கத்து இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எண்பது வயதுக்கு மேலிருக்கும். "உங்களுக்கு அந்தப் பக்கம் சஹன் வைத்திருக்கிறதே, அப்பா?" என்று பேரன் ஒருவன் கேட்டான். "விருந்தாளியைத் தனியே உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வதா? உங்க வாப்பாவுக்குக் கல்யாணம் ஆனபோதும் நான் இலையிலேதான் சாப்பிட்டேன். அவியலைக் கொண்டு வரச் சொல்லு!" என்றார் கிழவர். பேத்தி கல்யாணத்து நெய்ச்சோற்றையும் களறிக் கறியையும் விட்டுவிட்டு, எங்களோடு சாம்பார் சாதம் சாப்பிட்டார். பாயசத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். பாட்டியின் தீர்மானப்படி நாங்கள் ஒரு பழத்தோடு திரும்பியிருந்தால், அந்தப் பெரியவரின் பக்கத்தில் உட்காரும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்திருக்குமா?

சமையல் வேறாக இருக்கலாம். மந்திரம் வேறாக இருக்கலாம். அவற்றை ஒன்றாக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. அவரவர் ஆசாரத்தை அவரவர் வைத்துக்கொண்டே பக்கத்து இலையில் உட்காரலாம் என்பதற்கு அந்தக் கிழவர் சாட்சி. ஆனால் உட்கார வேண்டுமென்றால் முதலில் போக வேண்டும். அழைப்பு வரும்போது, 'அங்கே போய் என்ன சாப்பிடுவது?' என்று நாம் தயங்குகிறோம். அழைக்கும்போது, 'வந்தால் சங்கடப்படுவார்களோ?' என்று அவர்கள் தயங்குகிறார்கள். இந்த இரண்டு தயக்கங்களுக்கும் நடுவில்தான் வதந்திகள் வந்து குடியேறுகின்றன. ஒரு வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் சாப்பிட்டவனிடம் போய் அந்த வீட்டாரைப் பற்றிப் பொல்லாங்கு சொல்லிப் பாருங்கள். அவன் நம்ப மாட்டான்.

1924-ஆம் வருஷத்தில், வடநாட்டில் நடந்த கலகங்களால் மனம் நொந்த மகாத்மா காந்தி, டில்லியில் மௌலானா முகம்மதலியின் வீட்டில் தங்கியிருந்தபோது 21 நாள் உபவாசத்தைத் தொடங்கினார். ஒரு முஸ்லிம் நண்பரின் வீட்டில் பட்டினி கிடந்து அவர் செய்ய முயன்ற காரியம் அது. நம்மைப் போன்ற சாமானிய ஜனங்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அதே காரியத்தில் நம்மால் ஆன பங்கை நாம் சாப்பிட்டே செய்துவிடலாம். அழைப்பு வந்தால் போக வேண்டும். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்களை அழைக்கவும் வேண்டும். இதைவிடச் சுலபமான தேச சேவை எனக்குத் தெரிந்து வேறொன்றும் இல்லை.